காலில் நூல் சுற்றிய புறாவைப் பிடிக்க ஒரு பஞ்சாரப் பொறி

மொட்டை மாடியிலோ கோயில் வெளிப்பிராகாரத்திலோ இரை பொறுக்கும் மாடப்புறாக் கூட்டத்தைச் சற்று நேரம் உற்றுக் கவனித்தால், அவற்றுள் ஒன்றோ இரண்டோ நொண்டி நடப்பதைக் காணலாம். பெரும்பாலும் அதற்குக் காரணம் காலில் சுற்றிக்கொண்ட நூல்தான். பட்டம் விட்ட மாஞ்சாத் துண்டு, கோணி தைத்த நூல், பூக்கட்டிய நூல், சீவிப் போட்ட தலைமுடி என்று தரையில் கிடக்கும் எதுவும், நடந்தே இரை தேடும் இப்பறவையின் விரல்களில் மாட்டிக்கொள்கிறது. பிறகு ஒவ்வோர் அடிக்கும் சுருக்கு இறுகுகிறது. பாரிஸ் நகரத்துப் புறாக்களை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு ஒன்று, முடிதிருத்தகங்கள் மிகுந்த பகுதிகளில் விரல் இழந்த புறாக்களும் மிகுதியாக இருப்பதைக் காட்டியது. நம் ஊர்களில் முடியோடு மாஞ்சாவும் சேர்ந்துகொள்கிறது. நைலான் மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017ஆம் ஆண்டிலேயே நாடு முழுவதும் தடைசெய்துவிட்டபோதிலும், மாடிகளிலும் மின்கம்பிகளிலும் மரக்கிளைகளிலும் அது இன்னமும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

நூல் சுற்றிய புறா பறக்கும் வலுவோடு இருக்கும் வரை அதைக் கையால் பிடிக்க முடியாது. துரத்தினால் அது களைத்துப்போகுமே தவிர அகப்படாது. பறக்க முடியாமல் மூலையில் ஒடுங்கிய பிறகு பிடித்தாலோ, விரல்கள் கறுத்து உயிரிழந்திருக்கும். ஆகவே, நலமாகப் பறந்து திரியும்போதே பிடித்து, நூலை நீக்கி, அன்றே விட்டுவிட வேண்டும். அதற்கு நம் வீடுகளில் கோழி கவிழ்க்கும் மூங்கில் பஞ்சாரத்தைவிட நல்ல கருவி இல்லை என்பது என் எண்ணம். கவிழ்த்த பஞ்சாரத்தின் ஒரு பக்கத்தை ஒரு முட்டுக்கம்பால் தூக்கி நிறுத்தி, அடியில் இரை போட்டு, புறா உள்ளே வந்ததும் கம்பில் கட்டிய கயிற்றை மறைவிலிருந்து சுண்டி அதை விழச் செய்வதே இந்தப் பொறி.

பொறி எவ்வளவு எளிமையாகவும் இருக்கலாம். ஆனால் அதை விழச் செய்வது ஒரு மனிதரின் கையாக இருக்க வேண்டும், அந்த மனிதரின் கண் அப்போது பறவையின் மேல் இருக்க வேண்டும். பறவை மிதித்தால் தானே விழும் பொறி, நாம் இல்லாத நேரத்தில் எதையும் பிடிக்கும். குஞ்சுக்கு இரை கொண்டுபோகும் தாயையும் பிடிக்கும், பிடித்ததை நண்பகல் வெயிலில் வைத்துக் கொல்லவும் செய்யும். கண்ணி காலையும் கழுத்தையும் இறுக்குகிறது. நாம் நீக்க நினைக்கும் துன்பத்தையே அது புதிதாக உண்டாக்குகிறது. பசை இறகுகளைப் பாழாக்கிப் பறவையை முடமாக்குகிறது. நைலான் வலை சிறகிலும் நாக்கிலும்கூடச் சிக்கிக்கொள்ளும். அதிலிருந்து பறவையைக் காயமின்றி எடுப்பது பயிற்சி பெற்ற பறவை ஆய்வாளர்களுக்கே உரிய வேலை. இம்மூன்றையும் எந்த நல்ல நோக்கத்துக்காகவும் பயன்படுத்த வேண்டாம்.

பொறி வைக்கும் முன் செய்ய வேண்டியது

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், கொல்வதை மட்டுமன்றி, பிடிப்பதையும் பொறி வைப்பதையும் கண்ணி வைப்பதையும் அவற்றுக்கு முயல்வதையும் வேட்டையாகவே கருதுகிறது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இச்சட்டத்தை மீறுவோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. கிளி, மைனா, குயில், சில்லை, கொக்கு, ஆந்தை என எந்தக் காட்டுப் பறவை அடிபட்டிருந்தாலும் வனத்துறையை அழைப்பதே முறை. அவற்றுக்கு இந்தப் பொறியை வைக்கக் கூடாது. இங்கே சொல்லும் அனைத்தும், மனிதரை ஒட்டியே வாழும் மாடப்புறாவுக்கு மட்டும், அதுவும் காலில் நூல் இருப்பதைக் கண்ணால் உறுதிசெய்துகொண்ட பிறகு மட்டும் பொருந்தும். மாடப்புறாவானாலும், முதலில் வனத்துறைக்கோ அருகிலுள்ள விலங்கு நல அமைப்புக்கோ தொலைபேசியில் விவரம் சொல்லுங்கள். அவர்களே வந்தால் நல்லது. வர இயலாது, நீங்களே பிடித்துக் கொண்டுவாருங்கள் என்றால், அதன் பிறகு பொறியை எடுக்கலாம். வன உயிரினம் ஒன்று எவ்வகையிலேனும் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ உரிய வன அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதையும் நினைவில் கொள்க.

பிடித்த பறவையை எங்கே கொண்டுசெல்வது என்பதையும் அப்போதே தீர்மானித்துவிட வேண்டும். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பிற ஊர்களில் பறவை பார்க்கும் கால்நடை மருத்துவர் யார், அவர் எத்தனை மணிக்கு இருப்பார் என்று முன்னதாக விசாரித்து வையுங்கள். நூல் எலும்பு வரை இறங்கியிருப்பது பறவையைக் கையில் எடுத்த பிறகுதான் தெரியவரும். அந்த நேரத்தில் மருத்துவரைத் தேட அவகாசம் இருக்காது.

பஞ்சாரத்தைப் பொறியாக்குதல்

விளிம்பின் குறுக்களவு 3 அடிக்குக் குறையாத பஞ்சாரமாகப் பார்த்து வாங்குங்கள். சிறிய பஞ்சாரத்தில் பறவை எப்போதும் விளிம்புக்கு அருகிலேயே நிற்கும். விழும் விளிம்பு அதன் முதுகிலோ கழுத்திலோ அடிக்கும். பெரியதில், நடுவுக்கு அப்பால் இரை போட்டால், பறவைக்கும் விளிம்புக்கும் இடையே ஒரு கை அகலமாவது இடம் இருக்கும். மூங்கில் பிளாச்சுகளுக்கு இடையே உள்ள கண்கள் 2 செ.மீ.க்கு மேல் இருந்தால், பயந்த புறா தலையை அதில் நுழைத்து இழுக்கும். ஆகவே உட்புறம் முழுவதும் பழைய பருத்திச் சேலை ஒன்றை மடித்து, ஊசி நூலால் அங்கங்கே தைத்துவிடுங்கள். நூலின் முனைகளை உள்ளே தொங்கவிடாமல் நறுக்கிவிட வேண்டும். இந்தத் துணிக்கு இன்னொரு பயனும் உண்டு. பொறி விழுந்ததும் புறா செங்குத்தாக மேலே எழும்பும்; மூங்கிலில் நேராக மோதினால் உச்சந்தலைத் தோல் கிழியும், துணி அந்த மோதலைத் தாங்கிக்கொள்ளும். கோழிக்கம்பி வலையால் செய்த கூண்டு வேண்டாம் என்று நான் சொல்வதும் இதற்காகவே: அதன் அறுபட்ட முனைகள் அலகின் அடியிலுள்ள மென்மையான பகுதியையும் சிறகின் மணிக்கட்டையும் கீறிவிடும்.

விளிம்பைச் சுற்றிலும் பழைய போர்வைத் துணியை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றித் தைத்துவிடுங்கள். இது விழும் அடியை மென்மையாக்கும். சீரற்ற மாடித் தளத்தில் விளிம்புக்கும் தரைக்கும் இடையே விழும் இடைவெளியையும் அடைக்கும். உச்சியில் கை நுழையும் வாய் உள்ள பஞ்சாரமாக இருந்தால், பழைய கால்சட்டையின் ஒரு காலை முழங்காலளவில் வெட்டி, அந்த வாயைச் சுற்றித் தைத்து, மேல்முனையை முடிந்து வையுங்கள். பறவையை எடுக்கும்போது முடிச்சை அவிழ்த்து அந்தத் துணிக்குழாய் வழியாகக் கையை விட்டால், கைக்கும் துணிக்கும் இடையில் புறா தப்பிச் செல்ல வழி இருக்காது. உச்சி வாய் இல்லாவிட்டால், விழுந்த பஞ்சாரத்தை ஒரு கனத்த படுக்கை விரிப்பால் தரை வரை மூடி, விரிப்புக்குள்ளேயே விளிம்பைக் கையளவு தூக்கிப் பிடிக்கலாம்.

முட்டுக்கம்பு 30 செ.மீ. நீளம் இருந்தால் போதும். 30 செ.மீ. உயரத்திலிருந்து தடையின்றி விழும் பொருள் தரையைத் தொட ஏறக்குறைய கால் நொடி ஆகிறது, 60 செ.மீ. என்றால் 0.35 நொடி ஆகிறது. அந்தப் பத்தில் ஒரு பங்கு நொடி வேறுபாட்டில் திடுக்கிட்ட புறா விளிம்புக்கு வெளியே பாய்ந்துவிடும், அல்லது, அதனினும் கெடுதலாக, பாதி வெளியே வந்த நிலையில் விளிம்புக்கு அடியில் சிக்கிக்கொள்ளும். ஆகவே உயரத்தைக் கூட்டினால் புறாவுக்கு அச்சம் குறையும் என்று நினைத்து 2 அடி உயர்த்த வேண்டாம். அச்சத்தைப் போக்கப் பழக்கம் இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

கம்பின் அடிமுனையை வழவழப்பான ஓட்டுத் துண்டு ஒன்றின் மேல் நிறுத்துங்கள். சொரசொரப்பான தளத்தில் நிறுத்தினால் இழுக்கும்போது கம்பு முதலில் சாயும், பிறகே நழுவும். பஞ்சாரம் தயங்கித் தயங்கி இறங்கும். கயிற்றைக் கம்பின் நடுவில் கட்டாமல் அடிமுனையிலிருந்து இரண்டு விரற்கடை மேலே கட்டினால், சுண்டியதும் கம்பு அடியோடு விலகிவிடும். கயிறு சுண்டுவிரல் பருமனுள்ள பருத்திக் கயிறாக இருக்கட்டும். மெல்லிய நூல் புறாவின் காலிலேயே சுற்றும். ரப்பர் போல நீளும் கயிறு இழுப்பை வாங்கிக்கொண்டு தாமதமாக்கும். கயிறு தரையோடு தரையாகப் படுத்து, நேர்கோட்டில், நீங்கள் மறைந்திருக்கும் கதவிடுக்கு வரை வர வேண்டும். மூலையில் திரும்பினால் உராய்வு கூடி, சுண்டியது பாதி வழியிலேயே தேய்ந்துபோகும். புறாக்கள் வருமுன் பத்துப் பதினைந்து முறை வெறும் பொறியை விழவைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் விளிம்பு முழுவதும் ஒரே சமயத்தில் தரையில் படிய வேண்டும்.

பழக்குதல்

பொறி வைப்பதில் மிகப் பொறுமை வேண்டிய பகுதி இதுதான். அவசரப்படுபவர்கள் தோற்பதும் இங்கேதான். புதிய பொருளைக் கண்டால் புறா ஒதுங்கிப் போகும். நாள்தோறும் அதே இடத்தில் இருக்கும் பொருளை விரைவில் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். முதல் மூன்று நான்கு நாட்கள் பஞ்சாரத்தை முட்டுக்கம்புக்குப் பதிலாக இரண்டு செங்கற்களின் மேல் அசையாதபடி நிறுத்தி, நாள்தோறும் ஒரே நேரத்தில் இரை போடுங்கள். காற்றில் விழுந்துவிடாதபடி நிறுத்துவது முக்கியம். ஒருமுறை தானாக விழுந்து கூட்டம் மிரண்டால் ஒரு வாரப் பழக்கம் வீணாகும். கம்பு, கோதுமை, உடைத்த மக்காச்சோளம் ஆகியவற்றைப் புறா விரும்பித் தின்னும். உப்பிட்ட சோறும் மிக்சரும் பறவைக்கு ஆகாது. முதல் நாள் இரையை வெளியிலும் விளிம்போரத்திலும் தூவி, நாளுக்கு நாள் உள்ளே தள்ளிக்கொண்டே போய், கடைசியில் பஞ்சாரத்தின் பின்பாதியில் மட்டும் ஒரு கைப்பிடி வையுங்கள். காலையில் வெயில் ஏறுமுன் வைப்பதே நல்லது. அந்நேரத்தில் புறாக்கள் பசியோடு வரும். பிடித்த பின் சிகிச்சைக்கும் விடுவிப்புக்கும் முழுப் பகலும் கையில் இருக்கும்.

இந்த நாட்களில் நீங்கள் செய்ய வேண்டிய மற்றொரு வேலை, உரிய புறாவை அடையாளம் கண்டு படம் எடுத்து வைப்பது. கழுத்தின் பச்சை ஊதா மினுமினுப்பு எல்லாவற்றுக்கும் ஒன்றுபோலத் தோன்றினாலும், சிறகில் உள்ள கறுப்புப் பட்டைகளின் அகலமும் இடுப்பின் வெண்மையும் ஒன்றுக்கொன்று மாறும். எந்தக் காலில் நூல், எத்தனை விரல்கள் வீங்கியிருக்கின்றன, இரு கால்களும் சேர்த்துக் கட்டுண்டிருக்கின்றனவா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இழுக்கும் நொடி

பொறி நாளன்று வானில் வல்லூறு வட்டமிடாமலும் பூனை பக்கத்தில் இல்லாமலும் இருக்கிறதா என்று பாருங்கள். செங்கற்களை எடுத்து முட்டுக்கம்பை நிறுத்திவிட்டு மறைந்துகொள்ளுங்கள். உரிய புறா உள்ளே போனதும் இழுத்துவிடத் தோன்றும், பொறுக்க வேண்டும். அதன் வால்முனை விளிம்பைக் கடந்து உள்ளே இருக்க வேண்டும், தலை குனிந்து இரையில் இருக்க வேண்டும், விளிம்புக்கு நேர் கீழே வேறு எந்தப் புறாவும் நிற்கக் கூடாது. உள்ளே மொத்தம் இரண்டு மூன்று புறாக்களுக்கு மேல் இல்லாத நேரமே ஏற்றது. ஏழெட்டு இருந்தால் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து அடிபடும். இந்த நிபந்தனைகள் ஒருங்கே அமையாவிட்டால் அன்றைக்கு இழுக்க வேண்டாம். நாளையும் அது வரும்.

இழுத்தவுடன் ஓடிப்போய்ப் பஞ்சாரத்தின் மேல் கனத்த விரிப்பைப் போர்த்துங்கள். இருட்டில் புறா சில நொடிகளில் அடங்கிவிடும். முகக்கவசமும் கையுறையும் அணிந்துகொண்டு, துணிக்குழாய் வழியாகக் கையை விட்டு, சிறகுகள் இரண்டும் மூடியிருக்கும்படி முதுகின் மேலிருந்து பற்றி எடுங்கள். அப்போது கைநிறைய இறகுகள் உதிரலாம். அச்சத்தில் இறகு உதிர்ப்பது புறாவின் இயல்பு, மீண்டும் முளைத்துவிடும். உடன் அகப்பட்ட மற்ற புறாக்களை விளிம்பைத் தூக்கி உடனே விட்டுவிடுங்கள்.

புறாவை ஒரு துவாலையில் சுற்றி, பாதிக்கப்பட்ட காலை மட்டும் வெளியே விட்டு, ஒருவர் பிடித்துக்கொள்ள மற்றவர் நூலைப் பார்க்க வேண்டும். மார்பை இறுக்கக் கூடாது. நம்மைப்போல் பறவைக்கு உதரவிதானம் இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்கு மூச்சு. இறுகப் பிடித்த கையிலேயே பறவை இறந்துபோவது இதனால்தான். துவாலைக்குள் மார்பு அசைவதைப் பிடித்திருப்பவர் தம் விரலால் எப்போதும் உணர்ந்துகொண்டிருக்க வேண்டும்.

நூலை நீக்குதல்

ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 9 கிராம் உப்பைக் கரைத்து, வெதுவெதுப்பாக ஒரு கிண்ணத்தில் ஊற்றி, காலை ஐந்து நிமிடம் அதில் அமிழ்த்தி வையுங்கள். காய்ந்த எச்சமும் பொருக்கும் இளகிய பிறகுதான் நூல் எங்கே ஓடுகிறது என்பது தெரியும். நல்ல விரல் சிவந்து, செதில்கள் வரிசையாக இருக்கும். நூல் இறுகிய விரலில் ஒரு பள்ளம் விழுந்து, அதற்கு அப்பால் உள்ள பகுதி பளபளவென்று உப்பி ஊதா நிறமாக இருக்கும். பள்ளத்தின் மேல் தோல் வளர்ந்து நூலையே மூடியிருப்பதும் உண்டு. வெளியே தெரியும் முனையைப் பிடித்து இழுக்கவே கூடாது. எட்டுச் சுற்றுள்ள நூலின் ஒரு முனையை இழுத்தால் மற்ற ஏழும் இறுகும். தையல்காரர்கள் தையல் பிரிக்க வைத்திருக்கும் சிறு கொக்கி, ஒரு முனையில் சிவப்பு மணி உள்ளது, இதற்கு மிகப் பொருத்தமான கருவி. மணியுள்ள முனை தோலின் பக்கம் இருக்கும்படி நூலுக்கு அடியில் நுழைத்து மேல்நோக்கி நெம்பினால், தோலைத் தொடாமல் நூல் மட்டும் அறும். ஒரே இடத்தில் வெட்டி உருவ முயலாமல், ஒவ்வொரு சுற்றையும் தனித்தனியே வெட்டி, துண்டு துண்டாகக் கிடுக்கியால் எடுங்கள். எல்லாம் வந்துவிட்டது என்று தோன்றும்போது உருப்பெருக்கிக் கண்ணாடியால் இன்னொரு முறை பாருங்கள்; விரல்களின் கவட்டில் ஒரு தலைமுடி எஞ்சியிருந்தால் போதும், பட்ட பாடெல்லாம் வீணாகும்.

சிறிதளவு இரத்தம் கசிந்தால் சுத்தமான பஞ்சால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பிறகு போவிடோன் அயோடின் கரைசலை வெளிர்த் தேநீர் நிறம் வரும் வரை நீர்த்துத் தடவினால் போதும். கறுத்துக் காய்ந்த விரலை வெட்டவோ பிய்க்கவோ வேண்டாம். எலும்பு தெரிந்தாலோ, சீழ் நாற்றம் அடித்தாலோ, இரத்தம் நிற்காவிட்டாலோ, புறா வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ உடனே நிறுத்திவிட்டு, காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் துணி விரித்து வைத்து மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். மனிதருக்குரிய வலி மாத்திரை எதையும் தரக் கூடாது. மாட்டுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக், அந்த மாட்டின் இறைச்சியைத் தின்ற பாறு கழுகுகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது என்பதும், 2006இல் அம்மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த இந்தியா தடைவிதித்தது என்பதும் இதற்குப் போதிய எச்சரிக்கை. வீட்டில் செய்யும் வேலை இருபது நிமிடத்தைத் தாண்டினால் அது மருத்துவர் செய்ய வேண்டிய வேலை என்றே கொள்ளுங்கள்.

விடுவித்தல்

புறாக்கள் ஆண்டு முழுவதும் முட்டையிடும். ஏறத்தாழ 18 நாள் அடைகாப்பதையும், பின்பு தொண்டைப் பையில் சுரக்கும் பாலைக் குஞ்சுகளுக்கு ஊட்டுவதையும் ஆண், பெண் இரண்டுமே செய்கின்றன. முற்பகலிலிருந்து பிற்பகல் வரை பெரும்பாலும் ஆணும், எஞ்சிய நேரம் பெண்ணும் அடையில் இருக்கும். நீங்கள் பிடித்த புறாவுக்காக எங்கோ ஒரு மாடத்தில் துணையும் குஞ்சும் காத்திருக்கக்கூடும் என்பதால், காயம் சிறிதாக இருந்தால் அன்றே, பொழுது சாய்வதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்னதாக, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். கையிலிருந்து மேலே வீச வேண்டாம். பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்துவிட்டு விலகி நில்லுங்கள். அது வெளியே நடந்து வந்து, நின்று, தனக்கு வேண்டியபோது பறக்கட்டும்.

நீக்கிய நூல் துண்டுகளையும் முடியையும் பொடியாக நறுக்கி, காகிதத்தில் மடித்து, மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போடுங்கள். முழு நூலாக வீசினால் அது அடுத்த காலுக்குப் போகும். பஞ்சாரத்தின் துணியைக் கழற்றிச் சோப்பு நீரில் அலசி, மூங்கிலை வெயிலில் காயவையுங்கள். உலர்ந்த புறா எச்சத்தின் தூசு நுரையீரல் நோய் தரக்கூடியதாகையால், தளத்தைக் கூட்டுவதற்கு முன் நீர் தெளித்து நனைத்துவிடுங்கள். ஒரு புறாவைப் பிடித்த கூட்டம் சில நாட்களுக்குப் பஞ்சாரத்தின் பக்கம் வராது. அடுத்த புறாவுக்கு ஒரு வாரம் விட்டு, செங்கற்களின் மேல் நிறுத்தும் கட்டத்திலிருந்து மீண்டும் தொடங்குங்கள். இடைப்பட்ட நாட்களில் முட்டுக்கம்பும் கயிறும் வீட்டுக்குள் இருக்கட்டும், பஞ்சாரம் சுவரில் தொங்கட்டும்.